குயின்ஸ் கேம்பிட் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன்: திட்டத்தோடு ஆடுவதற்கான முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் எனக் கொங்கு நாட்டின் எந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் போட்டி நடந்தாலும், டி4 என்று தொடங்கும் பலகைகளில் ஒரு பொதுவான குறையைக் காணலாம். முதல் எட்டு ஒன்பது நகர்வுகள் மளமளவென்று வந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்கள். மனப்பாடம் முடிந்த இடத்தில் ஆட்டமும் நின்றுபோகிறது. வெள்ளை நீட்டும் சி4 சிப்பாயைக் கறுப்பு வெட்ட மறுக்கும் தொடக்கத்துக்குக் குயின்ஸ் கேம்பிட் டிக்லைன்டு என்று பெயர். அதில் வெள்ளை டி5-இல் சிப்பாய்களை மாற்றிக்கொள்ளும் வகையான எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இந்தக் குறைதான். இதில் சிப்பாய்களின் அமைப்பு மிகச் சீக்கிரமே உறுதியாகிவிடுகிறது. பெரும்பாலும் இருபதாவது நகர்வு வரைக்கும் அது மாறுவதில்லை. ஆகவே, நகர்வுகளை ஒவ்வொன்றாக நினைவில் வைப்பதைக் காட்டிலும், அந்த அமைப்பு எதைக் கேட்கிறது என்று புரிந்துகொள்பவருக்கு இது அதிகப் பலன் தருகிறது.

இந்த வழிகாட்டி அடிப்படை விதிகளும் எளிய தந்திரங்களும் தெரிந்த, மாவட்ட அளவில் ஆடும் மாணவர்களுக்காகவும் அவர்களுக்குச் சொல்லித்தரும் பெற்றோருக்காகவும் எழுதப்பட்டது. ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு, காய்களை நகர்த்தியபடியே படிக்க வேண்டும்.

முதல் படி: நகர்வு வரிசை

1. டி4 டி5 2. சி4 இ6 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. சி×டி5 இ×டி5 5. பிஷப் ஜி5 பிஷப் இ7 6. இ3 சி6 7. பிஷப் டி3 கேஸ்லிங் 8. ராணி சி2 குதிரை பிடி7. இந்த எட்டு நகர்வுகளே நமது தொடக்க நிலை. × என்பது வெட்டுவதைக் குறிக்கும். கடைசி நகர்வு பி8-இல் இருந்த குதிரை டி7-க்கு வருவதைக் குறிக்கிறது.

வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெள்ளை தன் ராஜா பக்கக் குதிரையை இன்னும் தொடவில்லை. அவசரப்பட்டு முன்னதாகவே குதிரை எஃப்3 ஆடிவிட்டால், கறுப்பு சி6 வைத்து, சி8 பிஷப்பை நிம்மதியாக எஃப்5-க்குக் கொண்டுவந்துவிடும். இந்த அமைப்பில் கறுப்பின் மிகப்பெரிய தலைவலியே அந்த பிஷப்தான். டி5, சி6 என இரண்டு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டங்களில் நிற்பதால், அதே நிறத்தில் ஓடும் அந்த பிஷப்புக்குப் பாதை குறைவு. அந்தத் தலைவலியை நாமே தீர்த்துவைக்கக் கூடாது. குதிரை எஃப்3-க்கு வராதவரை, எஃப்5-க்கு வரும் பிஷப்பை ராணி எஃப்3 என்று தாக்கும் வாய்ப்பும் வெள்ளைக்கு இருக்கிறது. பிஷப் டி3, ராணி சி2 இரண்டும் வந்த பிறகு எஃப்5 கட்டம் வெள்ளையின் பிடிக்குள் வந்துவிடும். அதன்பின் குதிரையை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

மாணவர்கள் அடிக்கடி விழும் பொறி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை நான்காவது நகர்வில் பிஷப் ஜி5 ஆடி, கறுப்பு குதிரை பிடி7 என்று பதில் சொல்ல, 5. சி×டி5 இ×டி5 என்று வந்த நிலையில், எஃப்6 குதிரை ராணிக்கு முன்னால் கட்டுண்டு கிடக்கிறது என்று நம்பி 6. குதிரை×டி5 என்று வெட்டிவிடுவார்கள். கறுப்பு 6... குதிரை×டி5 என்று திருப்பி வெட்டும். 7. பிஷப்×டி8 பிஷப் பி4 செக்! ராணியைக் குறுக்கே வைப்பதைத் தவிர வெள்ளைக்கு வேறு வழியில்லை. கணக்கு முடிந்ததும் கறுப்பின் கையில் ஒரு சிப்பாய்க்குப் பதிலாக முழுக் குதிரை மிஞ்சும்.

இரண்டாம் படி: அமைப்பைப் படித்தல்

எட்டாவது நகர்வு முடிந்ததும் காய்களையெல்லாம் எடுத்துவிட்டுச் சிப்பாய்களை மட்டும் பலகையில் விட்டுப் பாருங்கள். வெள்ளைக்கு ஏ2, பி2, டி4, இ3, எஃப்2, ஜி2, ஹெச்2. கறுப்புக்கு ஏ7, பி7, சி6, டி5, எஃப்7, ஜி7, ஹெச்7. 1923-ஆம் ஆண்டு கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த போட்டியின் பெயரால் இதைக் கார்ல்ஸ்பாட் அமைப்பு என்கிறார்கள்.

ஃபைல் என்பது ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை செல்லும் நேர்வரிசை; தன் சிப்பாய் இல்லாத ஃபைல் பாதி திறந்தது. வெள்ளைக்கு சி-ஃபைல் பாதி திறந்திருக்கிறது, கறுப்புக்கு இ-ஃபைல். வெள்ளைக் குதிரைக்கு சி5-உம் இ5-உம் நல்ல இருப்பிடங்கள். கறுப்புக் குதிரைக்கு இ4. ராணி பக்கத்தில் வெள்ளையின் இரண்டு சிப்பாய்களை எதிர்த்துக் கறுப்புக்கு மூன்று. ராஜா பக்கத்திலும் நடுவிலுமாக வெள்ளைக்கு ஒன்று கூடுதல். வெள்ளையின் இரு பெரும் திட்டங்களும் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. ஒன்று, சிறுபான்மையாக இருக்கும் ஏ, பி சிப்பாய்களை முன்னே தள்ளிக் கறுப்பின் பெரும்பான்மையை உடைப்பது. இதை மைனாரிட்டி அட்டாக் என்கிறோம். மற்றது, எஃப்3 ஆடி, இ4 தள்ளி, நடுவைக் கைப்பற்றுவது.

எந்தக் காய்களை மாற்றிக்கொள்வது என்பதற்கும் விடை இந்த அமைப்பிலேயே இருக்கிறது. வெள்ளையின் டி4, இ3 சிப்பாய்கள் கறுப்புக் கட்டங்களில் நிற்பதால், அந்த நிறத்தில் ஓடும் பிஷப்பை மாற்றிக்கொள்வது வெள்ளைக்கு நல்லது. அது போனால் சி5, இ5 கட்டங்களைக் காக்கும் கறுப்பின் நல்ல பிஷப்பும் போய்விடும். வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப்புகளை மாற்றிக்கொள்ளத் துடிப்பது கறுப்புதான். ஜி6, பிஷப் எஃப்5 என்று அது முயலும்போது வெள்ளை சும்மா உடன்படக் கூடாது. பதிலுக்கு ராஜா பக்கத்தில் உண்டாகும் கறுப்புக் கட்டங்களின் பலவீனமாவது கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒன்பதாவது நகர்வில் முடிவெடுத்தல்

இந்த வேரியேஷனின் உயிர்நாடி என்று நான் கருதுவது இந்த இடம். ராஜா பக்கக் குதிரை எஃப்3-க்குப் போனால் எஃப்-சிப்பாய் அடைபட்டுவிடும்; ஆகவே திட்டம் பெரும்பாலும் ராணி பக்கத்து மைனாரிட்டி அட்டாக். குதிரை இ2-க்குப் போனால் எஃப்3 - இ4 தள்ளுவதற்கு வழி திறந்திருக்கும். எஃப்3-இல் நிற்கும் குதிரையை வைத்துக்கொண்டு இ4 தள்ளலாமா, இ2-இல் நிற்கும் குதிரையை வைத்துக்கொண்டு பி4 ஆடலாமா என்றால், சில நிலைகளில் முடியும். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். அரைகுறையாக இரு பக்கமும் ஆடியவர்கள் தோற்ற ஆட்டங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ராணி பக்கம் கேஸ்லிங் செய்து ஜி, ஹெச் சிப்பாய்களை ஓடவிடும் மூன்றாவது வழியும் உண்டு. கணக்கிடும் வேகம் கைவந்த பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: மைனாரிட்டி அட்டாக்

9. குதிரை எஃப்3 யானை இ8 10. கேஸ்லிங் குதிரை எஃப்8 11. யானை ஏபி1. ஏ1 யானை பி1-க்கு வந்து பி4-ஐத் தாங்குகிறது. கறுப்பு பெரும்பாலும் 11... ஏ5 என்று தடுக்கும், 12. ஏ3 ஆடி, அடுத்து பி4. ஏ×பி4, ஏ×பி4 என்று சிப்பாய்கள் மாறியதும் ஏ-ஃபைல் கறுப்பு யானைக்குக் கிடைக்கும். இதை எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை. நமது இலக்கு சி6.

பி5 வந்தபின் கறுப்புக்கு மூன்று வழிகள் உண்டு, மூன்றிலும் ஒரு வடு விழும். பி×சி6 என்று நம்மை வெட்டவிட்டு பி×சி6 என்று திருப்பி வெட்டினால், சி6 வேறு சிப்பாயின் காவல் கிடைக்காத பின்தங்கிய சிப்பாயாகிப் பாதி திறந்த சி-ஃபைலில் யானைகளுக்கு இலக்காகும். கறுப்பே சி×பி5 என்று வெட்டினால் டி5 தனித்துவிடும், பி7-உம் பலவீனமாகும். சி5 என்று தள்ளினால் டி×சி5-க்குப் பிறகு மறுபடியும் டி5 தனிச் சிப்பாய். எந்த வடு விழும் என்பதைக் கறுப்பு தேர்ந்தெடுக்கலாம். வடுவே இல்லாமல் தப்ப முடியாது. இந்தத் திட்டத்தின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எப்போது பி5 தள்ளுவது? என்னிடம் பயிலும் கோபிசெட்டிபாளையம் பக்கத்து மாணவன் ஒருவன் ஒரு போட்டி முடிந்து வந்து, "பி5 வரைக்கும் வந்துட்டனுங்க சார், அதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியலீங்க" என்றான். அவன் ஆட்டத்தை எடுத்துப் பார்த்தபோது, எஃப்1 யானை அசையவே இல்லை. சி3 குதிரைக்கு அடுத்த கட்டம் யோசிக்கப்படவில்லை. சி6 பலவீனமானபோது அதைத் தாக்க ஒரு காய்கூட அருகில் இல்லை. தூர்வாராத வாய்க்காலில் மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததைப் போல, சிப்பாயை முந்தித் தள்ளிவிட்டால் திறந்த ஃபைல் யாருக்கும் பயன்படாது. எஃப்1 யானை சி1-க்கு வர வேண்டும். சி3 குதிரை ஏ4 வழியாக சி5-க்குப் போக வழி இருக்க வேண்டும். கறுப்புக் கட்ட பிஷப்புகள் மாறியிருந்தால் இன்னும் நல்லது. இவை நடந்தபின் பி5.

யானையை சி1-க்குக் கொண்டுவருவதில் இன்னொரு நன்மையும் மறைந்திருக்கிறது. எஃப்1 கட்டம் காலியாகிவிடுவதால், எஃப்3 குதிரை டி2 வழியாக எஃப்1-க்கு வந்து ஹெச்2-ஐக் காக்கலாம். இந்த அமைப்பில் கறுப்பின் எதிர்த்தாக்குதல் முழுவதும் ராஜாவை நோக்கித்தான் வரும்: பிஷப் டி6, குதிரை ஜி6, பிஷப் ஜி4, சமயம் பார்த்து இ6 வழியாக யானை. பிஷப் ஜி4 வந்து எஃப்3 குதிரையை வெட்டி, நம் ராஜா பக்கச் சிப்பாய் வரிசையைப் பிளக்கும் ஆபத்தும் உண்டு. குதிரை டி2 என்று பின்வாங்குவது கோழைத்தனமாகத் தோன்றினாலும், அந்த நகர்வு இ4 கட்டத்தையும் காக்கிறது, ஜி4 பிஷப்பின் இலக்கையும் அகற்றுகிறது. ராஜா பக்கத்தில் வெள்ளை தன் சிப்பாய்களைத் தொடாமல் வைத்திருக்கும் வரை கறுப்பின் தாக்குதல் எளிதில் வெற்றி பெறாது. தேவையில்லாமல் ஹெச்3, ஜி3 என்று ஆடி, கறுப்பு பற்றித் தாக்குவதற்கு ஒரு கொக்கியைக் கொடுத்துவிடக் கூடாது.

சில நேரங்களில் 11. பிஷப்×எஃப்6 பிஷப்×எஃப்6 12. பி4 என்று நேராகவே ஆடலாம். பிஷப் இ7-இலிருந்து எஃப்6-க்கு இழுக்கப்பட்டதால் பி4 கட்டத்தின் காவல் போய்விடுகிறது. யானை பி1 என்ற ஆயத்த நகர்வு தேவைப்படாது. இ4-க்குத் தாவ இருந்த குதிரையும் போய்விட்டது. விலை என்னவென்றால் கறுப்புக்கு இரண்டு பிஷப்புகள் கிடைத்துவிடும். பொறுமையாக ஆடுபவர்களுக்கு இந்த வழி பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் படி: எஃப்3, இ4

இத்திட்டத்தைக் கற்க ஓர் ஆட்டம் போதும் என்றால், 1952-ஆம் ஆண்டு சோவியத் சாம்பியன்ஷிப்பில் அன்றைய உலக சாம்பியன் போட்வின்னிக் வெள்ளையாகவும் எஸ்தோனிய கிராண்ட்மாஸ்டர் கெரஸ் கறுப்பாகவும் ஆடிய ஆட்டத்தையே சொல்வேன். அதில் ஒன்பதாவது நகர்வில் குதிரை இ2-க்குப் போனது. பத்தாவதில் கேஸ்லிங். பதினொன்றாவதில் போட்வின்னிக் யானையை பி1-க்கு நகர்த்தினார். மைனாரிட்டி அட்டாக் வருகிறது என்றே எதிராளி எண்ண வேண்டிய நகர்வு அது. கெரஸ் பிஷப்பை டி6-க்குக் கொண்டுவந்தார். 12. ராஜா ஹெச்1 குதிரை ஜி6 13. எஃப்3! இப்போது இ4, பிறகு இ5 என்று சிப்பாய் ஓடினால் டி6 பிஷப்பும் எஃப்6 குதிரையும் ஒரே சமயத்தில் அடிபடும். கெரஸின் பிஷப் மீண்டும் இ7-க்குத் திரும்ப நேர்ந்தது. 14. யானை பிஇ1 என்று, பி-ஃபைலில் நின்ற யானை நடுவுக்கு வந்தது.

அதன்பின் அவசரமே இல்லை. கறுப்புக் கட்ட பிஷப்புகளை மாற்றிக்கொண்டு, குதிரையை ஜி3-க்கும், ராணியை எஃப்2-க்கும் கொண்டுவந்து, குதிரை எஃப்5 என்று கறுப்பின் வெள்ளைக் கட்ட பிஷப்பையும் வெட்டவைத்துவிட்டு, 20-ஆவது நகர்வில்தான் இ4 தள்ளினார். டி×இ4, எஃப்×இ4 என்று மாறியதும் எஃப்-ஃபைல் திறந்தது. 22-இல் இ5, 23-இல் குதிரை இ4, 24-இல் குதிரை டி6. கறுப்பின் காய்கள் மூச்சுவிட இடமில்லாமல் ஒடுங்கின. 37-ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. மாணவர்கள் கவனிக்க வேண்டியது, ஆட்டத்தின் பெரும்பகுதியில் கெரஸின் சி-சிப்பாய் சி6-ஐ விட்டு அசையவே இல்லை என்பதை. வெள்ளை எஃப்3 ஆடியதும் இ3 சிப்பாய் பின்தங்கிப் பலவீனமாகிறது. அந்த நேரத்தில் கறுப்பு சி5 தள்ளி நடுவைத் தாக்கினால்தான் இ8 யானைக்கு வேலை கிடைக்கும். எனவே வெள்ளையாக ஆடுபவர், எஃப்3-க்கு முன்பும் இ4-க்கு முன்பும் "இப்போது சி5 வந்தால் என்ன?" என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். போட்வின்னிக் எஃப்3-க்குப் பிறகே யானையை இ1-க்குக் கொண்டுவந்தார் என்றாலும், டி1-இலோ இ1-இலோ ஒரு யானை நிற்கும் முன் மாணவர்கள் எஃப்3 ஆடுவதை நான் அனுமதிப்பதில்லை.

ஆறாம் படி: கறுப்பாக ஆடும்போது

இதே அமைப்பில் கறுப்பாகவும் உட்கார்ந்தால்தான் வெள்ளையின் திட்டம் முழுதாக விளங்கும். மைனாரிட்டி அட்டாக்குக்கு எதிரான மிக அழகிய பதில் பி4-க்குப் பிறகு பி5 என்று எதிரே வைத்து அடைத்துவிடுவது. சி6 நிரந்தரமாகப் பின்தங்கிவிடுகிறதே என்று தோன்றலாம். ஆனால் சி4-இல் ஒரு குதிரை வந்து உட்கார்ந்துவிட்டால் சி-ஃபைல் மூடிக்கொள்ளும், சி6-ஐ எந்த யானையும் பார்க்க முடியாது. இது சரியாக வருமா வராதா என்பது குதிரை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. டி7-இல் நிற்கும் குதிரைக்கு பி6 வழியாக சி4 இரண்டே நகர்வு. எஃப்8-க்குப் போய்விட்ட குதிரைக்கு டி7, பி6, சி4 என மூன்று நகர்வுகள். அதற்குள் வெள்ளை ஏ4 என்று தாக்கியோ, இ4 என்று நடுவை உடைத்தோ நிலையைக் கெடுத்துவிடும். ஆகவே குதிரையை எஃப்8-க்கு அனுப்புவதற்கு முன் எந்தத் தற்காப்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று கறுப்பும் முடிவு செய்திருக்க வேண்டும்.

குதிரை இ4 என்று குதித்துக் காய்களை மாற்றிக்கொள்வது எளிய வழி. நெருக்கடியில் இருப்பவருக்கு மாற்றங்கள் இளைப்பாறல் தரும். ராஜா பக்கத் தாக்குதலைத் தேர்ந்தெடுப்பவர் நடுவில் நிறுத்திவிடக் கூடாது. பாதி வழியில் திரும்பி சி6-ஐக் காக்க வருபவருக்கு இரண்டும் கிடைக்காது.

காரோ-கான் ஆடும் மாணவர்களுக்கு ஒரு சொல்: 1. இ4 சி6 2. டி4 டி5 3. இ×டி5 சி×டி5 4. பிஷப் டி3 என்று ஆடப்படும் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனில் இதே அமைப்பு நிறம் மாறி வருகிறது. 1970-இல் பெல்கிரேடில் அமெரிக்காவின் ஃபிஷர், சோவியத்தின் முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியனை வென்ற ஆட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. அங்கே ஏ, பி சிப்பாய்களை முன்தள்ளும் திட்டம் கறுப்பினுடையது. இ5-இல் குதிரையை வைத்து ராஜாவைத் தாக்குவது வெள்ளையினுடையது. ஒரு முறை கற்றது இரண்டு தொடக்கங்களுக்கு உதவும்.

ஏழாம் படி: சி6 பலவீனமான பிறகு

பெரும்பாலான பாடங்கள் பி×சி6 பி×சி6 என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. உண்மையில் அரைப் பாதிதான் வந்திருக்கிறோம். ஒரே ஒரு பலவீனத்தைக் கறுப்பு இரண்டு மூன்று காய்களை வைத்துக் காத்துவிட முடியும். ராணி, யானை, பிஷப் மூன்றும் சி6-ஐச் சுற்றி நின்றுவிட்டால் நேர்த் தாக்குதல் பலிக்காது. அப்போது திறந்த பி-ஃபைலில் யானையை நுழைத்து பி6-க்கோ பி7-க்கோ போவது, குதிரையை சி5-இல் அமர்த்துவது, கறுப்பின் காய்கள் முழுவதும் ராணி பக்கம் இழுக்கப்பட்டதும் ராஜா பக்கத்தில் இரண்டாவது பலவீனத்தை உண்டாக்குவது என்ற வரிசை தேவை. ஹெச்4 - ஹெச்5 தள்ளுவதோ, தாமதமாக வரும் இ4-ஓ அந்த இரண்டாவது அடியாக அமையலாம். எல்லாக் காய்களையும் அவசரமாக மாற்றி, ஒரு யானைக்கு ஒரு யானை என்ற கடைநிலைக்குப் போய்விட்டால் சி6 ஒன்றை மட்டும் வைத்து வெல்வது கடினம். ஒரு குதிரையோ நல்ல பிஷப்போ நம் கையில் மிஞ்சியிருப்பது நல்லது.

எட்டாம் படி: பயிற்சி

ஈரோட்டைச் சேர்ந்த இனியன் 2019-இல் இந்தியாவின் 61-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆன பிறகு, நமது பகுதியில் சதுரங்க வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரின் அக்கறை கூடியிருப்பதைக் கண்கூடாகக் காண்கிறேன். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, செயலியில் ஐந்து நிமிட ஆட்டங்களை அடுக்கடுக்காக ஆடவிடாமல், ஒரே நிலையைத் திரும்பத் திரும்ப ஆடவைக்க வேண்டும் என்பதே. மேலே சொன்ன எட்டாவது நகர்வு வரையிலான நிலையைப் பலகையில் வைத்து, அண்ணன் தங்கையோ இரு நண்பர்களோ ஆளுக்கு அரை மணி நேரம் வைத்துக்கொண்டு ஆடட்டும். முதல் வாரம் முழுவதும் வெள்ளை மைனாரிட்டி அட்டாக் மட்டுமே ஆட வேண்டும். அடுத்த வாரம் குதிரை இ2, எஃப்3 மட்டுமே. ஒவ்வொரு ஆட்டத்திலும் பக்கம் மாற வேண்டும். ஆடும்போது நகர்வுகளை எழுதுவதோடு, பி5 அல்லது இ4 தள்ளிய நகர்வின் எண்ணை வட்டமிட்டு, அப்போது தன் யானைகள் எந்தக் கட்டத்தில் நின்றன என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளட்டும்.

கணினி எந்திரத்தை ஆட்டம் முடிந்த பின்பே திறக்க வேண்டும், அதுவும் தன் சொந்தக் குறிப்பை எழுதிய பிறகு. மூன்றாவது வாரம் போட்வின்னிக் - கெரஸ் ஆட்டத்தில் கறுப்பின் பதிமூன்றாவது நகர்விலிருந்து கறுப்பாக உட்கார்ந்து, சி5 தள்ள ஏற்ற தருணத்தைத் தேடி ஆடிப்பார்க்கலாம். நான்காவது வாரம் பி×சி6 பி×சி6 ஆகிவிட்ட நிலையிலிருந்து, ராணிகளை எடுத்துவிட்டு, ஆளுக்கு இரண்டு யானைகளும் ஒரு குதிரையும் மட்டும் வைத்து இரு பக்கமும் ஆடட்டும்.